சனிக்கிழமை அந்திப் பூசை கேட்போமா?

குழு: நம்ம வீட்டு ஆளுக

பெரியம்மா: இன்னைக்கி பூசைக்கு நம்ம தேயிலைத் தோட்டத்துக் கோயில்ல 15 பேருகூட இல்ல. முன்வாங்கு ரெண்டும் காலி. பாட்டு எடுத்துக் குடுக்க ஆளில்லாம பாதரே பாடினாரு. மனசே கேக்கல.

அத்தை: 2019 ஈஸ்டர் அன்னைக்கி கோயில்கள்ல குண்டு வெடிச்சதோட கொஞ்ச நாள் பூசைய நிப்பாட்டி டிவியில வச்சாங்க. அடுத்த வருசம் கொரோனா. போன்ல பாத்துப் பழகினவங்க பலபேரு திரும்பி வரவே இல்ல அண்ணி.

கொழும்புத் தம்பி: எனக்கு ஞாயிறும் கடை தொறப்பு பெரியம்மா. செவ்வாய்க்கிழமைதான் லீவு. அன்னைக்கி கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போயிருவேன். அங்க எள்ளுப் போட்டா எள்ளு விழாது. சாமி மேல பக்தி கொறையல்ல.

ஜெர்மனி சித்தப்பா: இங்க வந்து பாருங்க. 2024 கணக்குப்படி கத்தோலிக்கர்ல ஞாயிறு பூசைக்குப் போறது 6.6 வீதம்தான். 2022ல மட்டும் 5 லட்சத்துக்கு மேல ஆளுக கோயில் பதிவுல பேர வெட்டிட்டாங்க. வெட்டினா சம்பளத்துல கோயில் வரி புடிக்க மாட்டாங்க. ஆனா வரி மட்டும் இல்ல காரணம். குருமார் சின்னப் புள்ளைகளுக்குச் செஞ்ச கொடுமையப் பத்தி 2018ல பெரிய அறிக்கை வந்துச்சு. சனத்துக்கு மனசு விட்டுப் போச்சு.

ஹட்டன் மாமா: அப்ப இங்கயும் அப்பிடித்தான் ஆகுமா மச்சான்?

அக்கா: ஆகாது மாமா, நம்ம கத வேற. அங்க சனம் தானா வெலகிப் போகுது. இங்க சனத்துக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல. வெடிஞ்சதும் இடுப்புல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டு, கிலோக் கணக்குக்கு அன்னன்னைக்கே காசு குடுக்கிற கைக்காசுக் கொழுந்துக்கு மலை ஏறுற பொம்பளைய 8 மணிப் பூசைக்கு எப்பிடிக் கூப்பிடுறது? அந்தக் காசுலதான் அவ புள்ளைக்கு பஸ் காசும் கொப்பியும். ஓ.எல். பரீட்சை எழுதுற பெரிய புள்ளைக டவுன்ல டியூசன். எங்கிட்ட மறைக்கல்வி வகுப்புக்கு வாரது சின்னஞ்சிறுசுக மட்டும். அதுகளையும் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சை வகுப்பு இழுக்குது.

பெரியம்மா: காரணம் ஆயிரம் சொல்லலாம் மகள். ஒல்லாந்தர் (டச்சுக்காரங்க) காலத்துல அவங்க ஆண்ட எடத்துல பூசைக்கே தடை. கோவாவுல இருந்து வந்த குரு, புனித யோசேப்பு வாஸ், 1692ல கண்டி ராசா நாட்டுக்கு வந்தப்ப ஒற்றன்னு புடிச்சு அடைச்சாங்க. அந்தக் காவல்லயே நத்தார் பூசை வச்சாரு. அன்னைக்கி சனம் உசிரப் பணயம் வச்சு வந்துச்சே!

அக்கா: அவரு சனம் வரட்டும்னு உக்காந்திருக்கல்ல பெரியம்மா. அம்மை நோய் வந்தப்ப நோயாளிய வீடு வீடாத் தேடிப் போனாரு. 1711ல கண்டியில சாகிற வரைக்கும் அதுதான் அவரு வேல. நம்ம லயத்து வீடுகளுக்கு யாரு வாராங்க? பெந்தகொஸ்தே மாதிரி வேற சபைக்காரங்க வாராங்க, காய்ச்சல்னா பக்கத்துல உக்காந்து ஜெபிக்கிறாங்க. அந்த வீட்டு ஆளுக அங்க போறாங்கன்னு கோவிச்சுப் பிரயோசனம் இல்ல.

ஹட்டன் மாமா: சரி, என்ன செய்யலாம்னு சொல்லு.

அக்கா: சனிக்கிழமை அந்திப் பூசை கேப்போம். மொதநாள் அந்தியில பூசை கண்டாலும் ஞாயிறு கடன் தீந்துரும். திருச்சபைச் சட்டம் 1248ல இருக்கு.

அத்தை: அந்தியிலயா? தேயிலைக்குள்ள சிறுத்த நடமாட்டம் இருக்கு. புள்ளைகள எப்பிடிக் கூட்டிவாரது?

ஹட்டன் மாமா: அஞ்சு மணிக்கு வச்சா இருட்டுறதுக்குள்ள வீடு சேரலாம். ஆனா பாதர் ஒராளு, தோட்டமோ எத்தன! மாசத்துல ஒரு சனியாவது கேட்டுப் பாப்போம். த்ரீவீலுக்கு நான் பொறுப்பு.

கொழும்புத் தம்பி: லீவு கெடச்சா நானும் வந்து பாட்டு எடுத்துக் குடுக்கிறேன் மாமா.

பெரியம்மா: கடுதாசிய நீயே எழுது மகள். நாளைக்கி கொழுந்து நிறுக்கிற எடத்துல பொம்பளைககிட்ட கையெழுத்து வாங்குறேன். மேக்கணக்கு (மேல் பிரிவு) லயத்து ஆளுகளையும் சேத்துக்கணும், அவங்கதான் ரொம்ப தூரம்.

அக்கா: எழுதிட்டு இன்னைக்கி ராத்திரியே இதுல போடுறேன். பிழை இருந்தா திருத்துங்க. வியாழன் பாதர் நோயாளி பாக்க வாரப்ப குடுத்துருவோம்.