ஏற்காடு மலைப்பாதையில் தாத்தா நிற்கும் பழைய கார் எது?

ஏற்காட்டுப் பேரன்:
வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ஏற்காடு ஏறும் வழியில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவு, காரின் பானெட் திறந்திருக்கிறது, டிரைவர் தகரக் குவளையில் தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்தில் தாத்தா, பாட்டி, பாட்டி இடுப்பில் கைக்குழந்தையாக என் அப்பா. அப்பா 1950ல் பிறந்தவர். நான்கு கதவுக் கார், நம்பர் பிளேட்டில் முதல் எழுத்து எம், மீதி வெளுத்துப்போயிருக்கிறது. மாரிஸ் மைனர் என்கிறார் சித்தப்பா. அப்பாவுக்கு அந்தக் கார் எது என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை. யாராவது சொல்லுங்களேன்.

சேலத்துக்காரன்:
உருண்டையாக இருந்தால் அம்பாசிடருக்கு முன்னால் வந்த இந்துஸ்தான் லேண்ட்மாஸ்டராக இருக்கலாம். எங்கள் தெருவில் ஒன்று இருந்தது.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
லேண்ட்மாஸ்டர் வாய்ப்பே இல்லை அண்ணே. அதற்கு மூலமான இரண்டாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்போர்டு இங்கிலாந்திலேயே 1954ல்தான் வந்தது, அதற்குள் இவர் அப்பா நடந்து ஓடும் வயசு ஆகியிருப்பார்.

தம்பி, முதலில் பானெட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் இறக்கை மாதிரி மடிந்து திறந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார். முன்பக்கம் முழுசாக மேலே தூக்கினால் அதற்குப் பிந்தையது. அடுத்து முன் கண்ணாடி. மாரிஸ் மைனருக்கு 1956 வரை கண்ணாடி இரண்டு துண்டுதான், நடுவில் ஒரு பட்டை ஓடும், அந்தக் காலத்து ஆக்ஸ்போர்டும் அதன் இந்திய வடிவமான இந்துஸ்தான் 14ம் அப்படியே. கதவுகளுக்கு நடுத் தூணில் நீளமான பிளவு தெரிகிறதா? அதிலிருந்துதான் திரும்பும்போது கை நீட்டுகிற மாதிரி சின்ன சிக்னல் வெளியே வரும். ஆனால் பல கார்களில் இருந்ததால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

ஏற்காட்டுப் பேரன்:
பானெட் முன்பக்கமிருந்து மேலே தூக்கியிருக்கிறது. கண்ணாடி ஒரே துண்டு, பட்டை இல்லை. தூணில் பிளவு இருக்கிறது. தூக்கிய பானெட்டின் நுனியில் பறவைச் சிறகு மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது, கீறலோ என்று நினைத்தேன்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
அது கீறல் இல்லை தம்பி! இங்கிலாந்தின் ஆஸ்டின் கார் கம்பெனிக்காரர்கள் பானெட் நுனியில் வைத்த சிறகு முளைத்த ஏ எழுத்து. நான்கு கதவு, ஒரே கண்ணாடி, அப்பாவின் வயசு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆஸ்டின் ஏ40 டெவன்தான் என் கணிப்பு. 1947லிருந்து 1952 வரை வந்தது, எஞ்சின் 1200 சிசி. நம்ம ஊரில் இது அபூர்வமும் இல்லை. 1948ல் மெட்ராஸில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஏ40 கார்களைத்தான் இங்கே பாகங்களைப் பூட்டி விற்றது, 1955ல் அசோக் லேலண்ட் ஆனதும் அதே கம்பெனிதான்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. ஏ70 ஹாம்ப்ஷயர் என்று ஒன்று, டெவன் ஜாடையிலேயே இருக்கும், ஆனால் பெரியது, 2.2 லிட்டர். செல்போனில் எடுத்த படத்தை நம்பாமல் ஸ்டுடியோவில் 1200 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்து டிரைவர் உயரத்தோடு காரை ஒப்பிட்டுப் பாருங்கள். பானெட் பக்கத்தில் சாய்வெழுத்தில் பெயரும் இருக்கும்.

மலைக்காற்று:
கார் பழுதாகி நின்றதாக நினைக்க வேண்டாம். இருபது வளைவு ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும், நிறுத்தி ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது அன்றைக்கு எல்லாரும் செய்ததுதான். கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் அனுபவமுள்ள டிரைவர்கள் அவசரப்பட மாட்டார்கள், குடும்பமே இறங்கிப் படம் எடுக்க நேரம் கிடைத்தது அதனால்தான்.

ஏற்காட்டுப் பேரன்:
சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்தேன். பானெட் ஓரத்தில் சாய்வெழுத்து தெரிகிறது, "லேண்ட்" என்று முடிகிறது. ஆஸ்டின் ஆஃப் இங்கிலாந்துதானே? கூரை டிரைவரின் மூக்குக்குக் கீழேதான் நிற்கிறது, அதனால் சின்ன காராகத்தான் படுகிறது. அப்பாவிடம் ஏ40 என்று சொல்லிவிட்டேன். சேலம், நாமக்கல் பக்கம் யாரிடமாவது ஓடுகிற ஏ40 இருந்தால் சொல்லுங்கள், அப்பாவை ஒரு தடவை உட்கார வைக்க வேண்டும்.