பேய் என்று நினைத்தவை: சில அனுபவங்கள்

பேயைப் பார்த்தேன், பிசாசு கத்தியதைக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டுப் போக மாட்டேன். அவர்கள் எதையோ பார்த்திருக்கிறார்கள், எதையோ கேட்டிருக்கிறார்கள். அது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. நானே கண்டதோடு, நெருங்கியவர்கள் சொல்லிக் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கடவூர் மலையடிவாரத்தில் என் தாய்மாமாவுக்குத் தோட்டம் இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள் சேரும் இடம் அது. சுற்றிலும் உசில மரங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் கிளுவை வேலி. ராத்திரி கரன்ட் வந்ததும் மோட்டார் போட மாமா கிளம்பினால் நானும் கூடவே போவேன். வேலி ஓரத்தில் முனி நிற்கும், உருவம் தெரியாது, கண் மட்டும் தணல் மாதிரி எரியும் என்று ஊரில் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு டார்ச் வெளிச்சம் வேலியில் பட்டதும் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, இமைக்கவே இல்லை. முதலில் என் நெஞ்சு உயரத்தில் இருந்தவை மெல்ல மேலே ஏறி என் தலைக்கும் மேலே போய் நின்றன. குனிந்திருந்த ஆள் நிமிர்ந்து நிற்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. காலடிச் சத்தம் இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை. ஒரு கண் அணைந்தது. அப்புறம் இரண்டும் அணைந்தன. ஒரு முழம் தள்ளி மறுபடி எரிந்தன.

“அசையாத மாப்ளே. லைட்டக் கீழ எறக்கு.”

“மாமா, என்ன மாமா அது?”

அவர் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை டார்ச்சின் முகத்தில் சுற்றி, அந்த மங்கல் வெளிச்சத்தை மட்டும் கொம்புக்குக் காட்டினார். ஒரு தேவாங்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு, எடை கால் கிலோ இருந்தால் பெரிது. கைகால்கள் என் சுண்டுவிரல் அளவுக்குக்கூடத் தடிமன் இல்லை. வாலே கிடையாது. முகத்தில் பெரும்பகுதி கண்தான். ஒரு கையை எடுத்து அடுத்த கொம்பைப் பற்றுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது, அவ்வளவு நிதானம். ஆனால் பக்கத்தில் ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தபோது அந்தக் கை பாய்ந்ததைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. இறக்கையோடு சேர்த்து மென்றது. மெல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

இதன் விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால்தான் கண் எரிவதாகத் தெரிகிறது. பூனைக்கும் மாட்டுக்கும்கூட அந்தப் படலம் உண்டு, நமக்குத்தான் இல்லை. வெள்ளை வெளிச்சத்தில் தேவாங்கின் கண் கூசும். ஆராய்ச்சிக்காக ராத்திரியில் இதைத் தேடிப் போகிறவர்கள் டார்ச்சில் சிவப்புத்தாள் ஒட்டிக்கொள்வதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

எனக்கு வயிறு எரிவது இதற்கு அடுத்த விஷயத்தில்தான். தேவாங்கைக் கண்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அடித்தே கொன்றிருக்கிறார்கள். மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் பிடித்து விற்றிருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 2022 அக்டோபரில் கடவூர் காட்டில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். ஆனால் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேவாங்குக்குத் தெரியாது. கொம்போடு கொம்பு கோத்து நிற்கும் உயிர்வேலிதான் அதற்குப் பாதை. அதை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போட்டால் அது தரையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அப்புறம் நாய் இருக்கிறது, ரோட்டில் லாரி இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மாமா இதைத்தான் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூச்சியைத் தின்று பயிரைக் காக்கிற உயிரை முனி என்று சொல்லி விரட்டலாமா என்று கேட்கிறார். சிலர் காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது என் அப்பாயி வீட்டில். தஞ்சாவூர்ப் பக்கம், கோயிலை ஒட்டிய தெரு. ராத்திரியில் ஒரு பெண் அடித்தொண்டையில் வீறிடும் குரல் கேட்கும். நின்று, மறுபடி கேட்கும். தலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று கடந்து போகும், சிறகுச் சத்தம் துளியும் இருக்காது. மோகினி கோபுரத்துக்குப் போகிறாள் என்று சொல்லி அப்பாயி எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார். விடிந்ததும் நான் கோபுரத்தடிக்குப் போனேன். தரையில் கருஞ்சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு உருண்டைகள் கிடந்தன. குச்சியால் உடைத்துப் பார்த்தால் உள்ளே எலி மயிர், முழுசாக ஒரு சின்ன மண்டையோடு, மஞ்சள் படிந்த முன்பற்கள். கூகை என்கிற ஆந்தை செரிக்காமல் கக்கியது. மேலே மாடத்திலிருந்து பசிக்கும் குஞ்சுகளின் சீறல் வந்துகொண்டிருந்தது. கூகைச் சிறகின் முன்விளிம்பு சீப்புப் பல்லாக அமைந்து காற்றைச் சிதறடிப்பதும் பறக்கிற சத்தம் எழாததற்கு ஒரு காரணம்.

கூகைப் பயம் நம்மிடம் இன்று நேற்று வந்ததில்லை. நற்றிணை 83ஆம் பாட்டில் ஊர் வாயிலின் பழைய மரத்தில் இருக்கும் கூகையிடம் தோழி பேசுகிறாள். எலிக்கறி சுட்டு, நெய்ச்சோற்றோடு தருகிறோம், தலைவன் வருகிற ராத்திரியில் மட்டும் கத்தி ஊரை எழுப்பிவிடாதே என்று கெஞ்சுகிறாள். பயப்படுகிற பறவையோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வருகிற அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் நெல் வயலில் பறவை தாங்கி நட்டுவைக்கிற விவசாயி, ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்றுதான் நடுகிறார்.

தஞ்சாவூர் மாவட்டத்து மனோரா கடற்கரையில் ஒரு பெரியவர் சொன்னது இது. சின்ன வயதில் தன் அப்பாவோடு வள்ளத்தில் போனபோது, நிலா வெளிச்சத்தில் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்களாம். திரும்பினால் தண்ணீரில் ஒரு தலை. “மார்ல பிள்ளைய அணைச்சிருந்துச்சு தம்பி. கடல்கன்னின்னு நான் அலறிட்டேன். அப்பாதான் வாயப் பொத்துனாரு, ஆவுளியாடா அதுன்னு.” ஆவுளியா என்பது கடல் பசு. பாலூட்டி என்பதால் மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். முலைக்காம்பு முன்துடுப்பின் அக்குளில் இருப்பதால் குட்டி அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். கொலம்பஸும் 1493 ஜனவரியில் கரீபியன் தீவுகளின் பக்கம் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், ஓவியத்தில் இருக்கிற அழகு அவற்றுக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் கண்டது கடல் பசுவின் உறவான மானட்டியாகத்தான் இருக்க வேண்டும். இப்போது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகமாகியிருக்கிறது. வலையில் சிக்கியதை அறுத்து விடுகிற மீனவர்களுக்கு வெகுமதியும் தருகிறார்கள். அந்தப் பெரியவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே தன் வலையை அறுத்தவர்.

மிச்சம் இருப்பது கொள்ளிவாய்ப் பிசாசு. இதை நான் பார்த்ததில்லை, என் அப்பா பார்த்திருக்கிறார். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில், முழங்கால் உயரத்தில் வெளிறிய நீலமாக எரிந்ததாம். இவர் முன்னே போனால் அது விலகிப் போனது, நின்றால் நின்றது. ராத்திரியில் வயலில் விளக்கோடு நண்டு பிடிக்கப் போகிறவர்கள் உண்டுதான், ஆனால் அந்த விளக்கு நீலமாக எரியாது. சேற்றில் மக்கும் தழையிலிருந்து எரிவாயு வருவதை இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி 1776ஆம் ஆண்டிலேயே மஜ்ஜோரே ஏரியில் கண்டறிந்தார். அந்த மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. காற்றுப் பட்டதும் பற்றுகிற டைபாஸ்பேன் அதோடு சேர்ந்து வந்து கொளுத்திவிடுகிறது என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆள் நடக்கும்போது கலையும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்கிறார்கள்.

சதுப்பும் ஏரியும் தூர்ந்து, இருட்டும் குறைந்துபோன காலத்தில் இதைப் பார்த்தவர்கள் அருகிக்கொண்டே வருகிறார்கள். அதனால் உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். பிசாசு என்ற பெயரைச் சொல்வதற்கு முன்னால் நிறம் என்ன, எவ்வளவு உயரம், சூடு தெரிந்ததா, முட்டை அழுகிய நாற்றம் அடித்ததா, சேறா காய்ந்த தரையா, மழை பெய்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்பதையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள்.