ஹென்லி – ஹாம்பிள்டன் சுற்று நடை: தேம்ஸ் கரையில் அப்பாவோடு ஒரு நாள்

2019 செப்டம்பரில் அப்பா எங்களோடு ரெடிங்கில் தங்கியிருந்தார். லண்டனில் கோட்டை, மியூசியம் என்று கூட்டிப்போனது எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. "ஆத்தங்கரையா எங்கயாவது நடக்கலாம்ப்பா" என்றார். அப்படிக் கிளம்பியதுதான் தேம்ஸ் கரையிலுள்ள ஹென்லி ஊருக்கு.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பாலம், 1786-ல் கட்டியது. வேகமாகக் கடந்துவிடாதீர்கள். நடு வளைவின் உச்சிக் கல்லில் பக்கத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. இரண்டும் ஆற்றையே ஆளாக உருவகித்தவை. ஆறு போகும் திசையைப் பார்ப்பவர் தாடியோடு தேம்ஸ், ஆறு வரும் திசையைப் பார்ப்பவள் ஐசிஸ் (தேம்ஸின் மேல்பகுதிக்கு உள்ள இன்னொரு பெயர்). இரண்டையும் செதுக்கியவர் ஆன் சீமோர் டேமர் என்ற பெண் சிற்பி. பக்கத்து பார்க் பிளேஸ் எஸ்டேட் அவருடைய அப்பா ஜெனரல் கான்வேயுடையது.

பாலம் தாண்டி இடது பக்கம் இறங்கினால் ரெகாட்டா படகுப்போட்டி நடக்கும் நேர்கோட்டு நீர்வழி, 2,112 மீட்டர். அதன் கோடியில் டெம்பிள் தீவு. அதிலுள்ள சிறு கட்டடம், எதிர்க்கரையில் தெரியும் ஃபாலி கோர்ட் மாளிகைக்காரர்கள் மீன்பிடி விடுதியாக 1771-ல் கட்டிக்கொண்டது, ஜேம்ஸ் வையட் வடிவமைத்தது. இவ்வளவு பெரிய இடத்துக்காரர்களுக்கு நடுவில் நாம் எப்படி நடக்கிறோம் என்று அப்பா கேட்டார். சரக்குப் படகுகளைக் குதிரை கட்டி இழுத்துப்போன கரைப்பாதை இது. இன்றைக்கும் பொது வழிதான்.

ஆறு வளையும் இடத்தில் அக்கரையில் வெள்ளையாக கிரீன்லாண்ட்ஸ். ஸ்டேஷன் புத்தகக் கடைகளால் பெயர் பெற்ற டபிள்யூ. எச். ஸ்மித் வாழ்ந்த மாளிகை, பிறகு மேலாண்மைக் கல்லூரி. அங்கே முன்பு இருந்த வீட்டில் மன்னர் படை தங்கியிருந்தபோது, 1644-ல், இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், நாடாளுமன்றப் படை நாங்கள் நின்ற கரையிலிருந்துதான் பீரங்கியால் அடித்தது.

அதையெல்லாம் விட அப்பாவைப் பிடித்து நிறுத்தியது ஹாம்பிள்டன் லாக், அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. அவர் முப்பது வருஷம் காவிரிப் பாசன வாய்க்காலில் லஸ்கராக (மதகுக் காவலராக) ஷட்டர் ஏற்றி இறக்கியவர். ஒரு படகு உள்ளே வந்ததும் பின்கதவு மூடியது. தண்ணீர் இறங்க இறங்க ஈரச் சுவர் பச்சைப் பாசியோடு வெளியே தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே, "மெதுவாத்தான் விடுறான். சட்டுனு தொறந்தா படகு அலைபாஞ்சிடும்" என்றார். பிறகு லாக் காவலரைப் பார்த்து இரண்டு கையாலும் சக்கரம் சுற்றுவதுபோல் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மொழிபெயர்க்க நான் வாயைத் திறக்கும் முன்பே காவலர் சிரித்துக் கை நீட்டிவிட்டார். பத்து நிமிஷம் இருவரும் ஆளுக்கொரு மொழியில் தண்ணீர் மட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்.

லாக்கைத் தாண்டி ஆற்றின் குறுக்கே தண்ணீர் கொட்டும் தடுப்பு, அதன் மேலேயே நடைபாலம். காலடியில் பலகை அதிர்ந்தது, முகத்தில் சாரல். "இது கலிங்குடா!" என்று அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார் அப்பா. அக்கரையில் வெள்ளைப் பலகை அடித்த பழைய மாவு ஆலை, இப்போது குடியிருப்பு. ஹாம்பிள்டன் கிராமத்தில் தேவாலயத்து மண்ணில் ஸ்மித்தின் கல்லறையைப் பார்த்தோம். மலைவழியாகச் சுற்றி வர அப்பாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

பதில்:

நீங்கள் விட்ட பாதியை நான் சொல்கிறேன் அண்ணா. கிராமத்திலிருந்து மேலே ஏறினால் கிரேட் வுட், பீச் மரக்காடு. அக்டோபர் கடைசியில் போனேன், இலை முழுக்கச் செம்பு நிறம். மேட்டில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்ததும் ரெட் கைட் என்ற செந்நிறப் பருந்து ஒன்று தலைக்கு மேல் வட்டமிட்டு, வால் பிளவு தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்து வந்தது. இங்கே அற்றுப்போயிருந்த பறவை. 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நாய் கூட்டிவந்த ஒரு பாட்டி, "சாப்பாடு மட்டும் போடாதே கண்ணு" என்கிற மாதிரி அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கிருந்து ஹென்லி பார்க் வழியாக இறங்கினால் ஊர். மழைக்காலத்தில் ஆற்று மட்டம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கரைப்பாதை முழுகிவிடும்.

பதிலுக்கு:

நன்றி தம்பி. அடுத்த தடவை அந்தக் காட்டு வழிதான். அப்பா இப்போதும் போனில் கேட்பார்: "அந்த ஷட்டர்காரர் நல்லா இருக்காரா?"