ஹேடீஸ் முடிச்சாச்சு, லேப்டாப்பும் முடிஞ்சாச்சு: போனில் வாசிக்க நல்ல குயர் வெப்காமிக் சொல்லுங்க

பாளை பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். என் லேப்டாப் போன மாதம் உயிரை விட்டுவிட்டது. ரிப்பேர் கடை அண்ணாச்சி மதர்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குச் செலவழிக்கதுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்று கையை விரித்துவிட்டார். ஆக இப்போதைக்கு கேம் கிடையாது, போன் மட்டும்தான்.

கடைசியாக விளையாடியது ஹேடீஸ். அதில் நாம் விளையாடுகிற நாயகன் ஸக்ரியஸ். தனட்டோஸ் என்று ஒருத்தன் வருவான், மரணத்தின் தேவன், ஸக்ரியஸுக்குக் காதலனாகலாம். சண்டைக்கு நடுவில் மணியடித்த மாதிரி ஒரு சத்தம், பச்சை வெளிச்சம், ஆள் வந்து நிற்பான். யார் அதிகம் கொல்கிறார்கள் என்று போட்டி. நாம் ஜெயித்தால் ஒரு சென்டார் இதயத்தை (கேமில் நம் உயிர்பலத்தைக் கூட்டுகிற பொருள்) கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். காதலைச் சொல்லத் தெரியாதவன் இதயத்தையே எடுத்துக் கொடுக்கிறான், பாத்துக்கிடுங்க. அந்த ஜோடிக்காகவே மூன்று தடவை முடித்தேன். அந்த மாதிரி இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ காதலிக்கிற, இல்லை திருநர் பாத்திரங்கள் வருகிற வெப்காமிக், அதாவது இணையத்தில் வாசிக்கிற படக்கதை, வேண்டும். பாதியில் நின்றுபோனது வேண்டாம், கடைசியில் ஒருத்தரைக் கொன்று அழ வைக்கிறதும் வேண்டாம், அதைத்தான் நம்ம சினிமாவில் வேண்டிய மட்டும் பார்த்தாச்சே.

அம்பாசமுத்திரம் அக்கா:
தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் கேம் பைத்தியம்தான், ஆனால் கேம்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப உஷார். ஓவர்வாட்ச் கேமில் வருகிற ட்ரேசர் என்கிற பெண்ணை எடுத்துக்கொள். அவளுக்கு ஒரு காதலி இருக்கிறாள் என்பது கேமுக்குள் தெரியவரவில்லை, 2016 டிசம்பரில் தனியாக வெளியிட்ட ஒரு காமிக்ஸில்தான் தெரிந்தது. ஸ்டார்டியூ வேலி என்கிற விவசாய கேமில் ஆணானாலும் பெண்ணானாலும் கல்யாணம் செய்துகொள்ளலாம், சரி, ஆனால் நீ அந்தப் பக்கம் போகாவிட்டால் அந்த ஊரில் அப்படி ஒரு பேச்சே இருக்காது. விரும்பினால் திற, இல்லாவிட்டால் மூடி வை என்கிற ஜன்னல் மாதிரி. வெப்காமிக்கில் அந்தச் சாமர்த்தியம் நடக்காது, கதையே அதுதான்.

டில்லி வால்டனின் 'ஆன் எ சன்பீம்' படி. 2016, 17இல் இணையத்தில் தொடராக வந்தது, 2018இல் புத்தகமானது, இப்போதும் இணையத்தில் இலவசம். 500 பக்கத்துக்கு மேல். மீன் வடிவக் கப்பலில் ஒரு சின்னக் கூட்டம் விண்வெளியில் சுற்றிச் சுற்றி இடிந்த கட்டடங்களைப் பழுது பார்க்கிறது. அதில் வேலைக்குச் சேர்கிற மியா, பள்ளிக்கூட நாளில் பிரிந்துபோன கிரேஸைத் தேடுகிறாள். கதையில் ஒரு ஆண்கூட இல்லை, பாதி வாசித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. எலியட் என்று ஒருவர், ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, பெரும்பாலும் பேசவும் மாட்டார். ஆங்கிலத்தில் இவருக்கு எந்தச் சொல் போடுவது என்பதே ஒரு பஞ்சாயத்து. நமக்கு 'அவர்' இருக்கிறது, மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு. அந்த மட்டில் தமிழுக்கு ஒரு கும்பிடு.

குறுக்குத்துறை குரங்கு:
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. செலஸ்ட்டை விட்டுவிட்டீர்களே! 2018இல் வந்த கேம், மேடலின் என்கிற பெண் மலை ஏறுகிறாள், அவளுக்குள் இருக்கும் பயமே இன்னொரு மேடலினாக வந்து துரத்துகிறது. 2019இல் கடைசி அத்தியாயம் வந்தபோது அவள் அறையில் சின்னதாக வானவில் கொடி, திருநர் கொடி, ஒரு மாத்திரைப் புட்டி என்று சிலது தெரிந்தது. அவள் திருநங்கையா என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2020இல் உருவாக்கிய மேடி தோர்சனே ஆமாம் என்று எழுதினார். அதை எழுதும்போது தன்னைப் பற்றியும் சொன்னார்: மேடலினை உருவாக்கிய காலத்தில் தனக்கே தன்னைப் பற்றி முழுசாகத் தெரியவில்லை என்று. இதை ஜன்னல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெப்காமிக் கேட்டாய் இல்லையா, 'செக், ப்ளீஸ்!' படி. என்கோசி உகாசு வரைந்தது, 2013இல் ஆரம்பித்து 2020இல் முடிந்தது. கல்லூரி ஐஸ் ஹாக்கி அணி, ஆனால் நாயகன் பிட்டிக்கு யாராவது வந்து மோதினால் நடுக்கம், விளையாட்டு நேரம் போக அடுப்படியில் 'பை' (pie) என்கிற பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பான். ஐஸ் ஹாக்கி எனக்கு மட்டும் தெரியுமா என்ன, வாசிக்கும்போது புரிந்துவிடும். சாவு கிடையாது, நான் பொறுப்பு.

வண்ணாரப்பேட்டை வாசகன்:
இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி நல்லதாகவே சொல்கிறீர்கள். எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, என் ஓட்டு ஈ.கே. வீவரின் 'டிஜே அண்ட் அமல்' என்கிற கதைக்கு. அமல் இந்தியக் குடும்பத்துப் பையன், அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்கிறான். வீட்டில் பேசி முடித்த கல்யாணத்தை நிறுத்துகிறான், உண்மையைச் சொல்கிறான், அப்பா அம்மா கைகழுவி விடுகிறார்கள். அன்றைக்கு ராத்திரி மூக்கு முட்டக் குடித்துவிட்டு மறுநாள் கண் விழித்தால், அடுப்படியில் முன்பின் தெரியாத ஒருத்தன் பாடிக்கொண்டே முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறான். நாம் இரண்டு பேரும் காரில் நாட்டின் மறுகோடிக்குப் போவதாக நேற்று பேசி முடித்தோமே என்கிறான்.

கல்யாணத்தை நிறுத்தும் இடம் இரண்டு பக்கம்கூட இருக்காது. ஆனால் போனில் அந்தப் பேச்சை நம்மில் சில பேர் பேசியிருக்கிறோம், எதிர்முனையில் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது வீட்டு மிக்ஸி சத்தம் மட்டும் கேட்கும். அதற்குமேல் எழுத வேண்டாம். படுக்கையறைக் காட்சிகள் உண்டு, 18 வயசுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். கூட்டத்தில் உட்கார்ந்து வாசிக்காதே.

பாளை பொடியன்:
அண்ணாச்சி, கடைசி வரியை முன்னாடியே எழுதியிருக்கலாம்! செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து திறந்துவிட்டேன், பக்கத்தில் கருப்பட்டிக் கூடையோடு ஒரு ஆச்சி. நல்லவேளை, சேரன்மகாதேவி தாண்டியதும் நெட் போய்விட்டது. அப்புறம் ராத்திரி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். முட்டை பொரிக்கிற பக்கத்தை மட்டும் நாலு தடவை.

சன்பீம் பத்தாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். கப்பலுக்குத் துடுப்பும் வாலும் இருப்பதைப் பார்த்தால் நம்ம ஆத்துக் கெண்டை ஞாபகம்தான் வருகிறது.

அதைவிட ஒன்று. குரங்கு சொன்னதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. மேடலின் பொதிகை மலை ஏறுகிற மாதிரி நாலு பக்கம் வரைந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வனத்துறை செக்போஸ்ட்டில் அனுமதிச் சீட்டு கேட்டு அவளை உட்கார வைத்துவிடுகிறார்கள். கேமில் வழியெல்லாம் ஸ்ட்ராபெரி பொறுக்குவாள் இல்லையா, அதற்குப் பதில் நுங்கு வைத்திருக்கிறேன். சரியா இருக்குமா?

அம்பாசமுத்திரம் அக்கா:
பொதிகை உச்சியில் உனக்குப் பனைமரம் யார் நட்டு வைத்தது? நெல்லிக்காய் போடு. படத்தை இங்கேயே ஏத்து.