செக்யுலர் டிரெண்ட்: 'நெடும்போக்கு' என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம். நோய்ப்பரவல் துறைக்கான நம் கலைச்சொல் பட்டியலில் 'செக்யுலர் டிரெண்ட்' (secular trend) என்பதற்கு 'நெடும்போக்கு' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு எழுந்த தடைகளை மேற்கோளாகத் தந்து, கீழே பதில் சொல்கிறேன்.

> 'நீண்டகாலப் போக்கு' என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, சரிதான். ஆனால் எத்தனை ஆண்டு சேர்ந்தால் நீண்டகாலம்? மூன்று ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு "நீண்டகாலப் போக்கில் இறப்பு குறைகிறது" என்று ஒருவர் எழுதினால் தவறு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது பொதுவழக்குத் தொடர், அதற்கு வரையறை கிடையாது. நோய்ப்பரவல் துறையில் செக்யுலர் டிரெண்ட் என்று சொல்லும்போது ஒரு கண்டிப்பு இருக்கிறது: பருவத்துக்குப் பருவம் வரும் ஏற்ற இறக்கம், சில ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும் அலை, ஓரிரு ஆண்டில் எழுந்து அடங்கும் கொள்ளைநோய் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால், பல பத்தாண்டுகளாக அடியில் ஓடிக்கொண்டிருக்கும் திசை எதுவோ அது. (இந்த 'செக்யுலர்' தலைமுறை, நூற்றாண்டு என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வருவது. 'சமயச்சார்பற்ற' என்ற மொழிபெயர்ப்பை இங்கே பக்கத்தில்கூட விடக்கூடாது.)

இந்தக் கண்டிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். 1900-இல் அங்கே தொற்றுநோய்களால் இலட்சம் பேருக்கு 797 பேர் இறந்தார்கள், 1980-இல் 36 பேர். இறக்கம் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. 1937 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2.8 விழுக்காடு குறைந்தது, அப்புறம் சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்த 1938–1952 காலத்தில் 8.2 விழுக்காடு, அதன் பிறகு 1980 வரை 2.3. இடையில் 1918 இன்ஃபுளுவென்சா செங்குத்தாக எழுந்து நிற்கிறது, அதில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,75,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. ஒருவர் 1918-இல் வரைபடத்தைத் தொடங்கி 1921-இல் முடித்தால் மருத்துவமே மூன்று ஆண்டில் தலைகீழாக மாறிவிட்டதுபோல் தெரியும். உண்மையில் ஒரு கொள்ளைநோய் அடங்கியது, அவ்வளவுதான்.

காசநோயில் இது இன்னும் முக்கியம். 1900-இல் இலட்சத்துக்கு 194 இறப்பு, 1940-இல் 46. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943-இல். ஆக, மருந்து வருமுன்பே ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்துவிட்டது. உணவா, வீட்டு நெரிசல் குறைந்ததா, நோயாளிகளைத் தனியே வைத்ததா, எதற்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வரைபடத்தை 1945-இல் தொடங்குபவருக்கு அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாமல் போய்விடும். சொல்லுக்குள் 'நெடுமை' கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். நெடுஞ்சாலை, நெடும்பயணம், நெடுந்தொடர் மாதிரி நெடும்போக்கு, ஒரே சொல்லாக. நெடும்போக்குக் கோடு, நெடும்போக்கு விலகல் என்று மேலே கட்டிக்கொண்டு போகவும் வசதி. 'நீண்டகாலப் போக்கிலிருந்து விலகல்' என்று ஒவ்வொரு அட்டவணைத் தலைப்பிலும் எழுதிப் பாருங்கள், தெரியும்.

> 'வயிற்றுப்போக்கு இறப்புகளின் நெடும்போக்கு' என்று வந்தால் என்ன செய்வது?

நியாயமான தடை, இதைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் இது அடிக்கடி வரத்தான் போகிறது. 1900-இல் அமெரிக்காவில் இறப்புக்கான முதல் மூன்று காரணங்கள் நிமோனியா–இன்ஃபுளுவென்சா, காசநோய், வயிற்றுப்போக்கு–குடலழற்சி. மொத்த இறப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவற்றால்தான். என் யோசனை: இந்தத் துறை எழுத்தில் நோயைக் 'கழிச்சல்' என்று சொல்லிவிடுவோம், அது ஏற்கெனவே இருக்கும் நல்ல தமிழ்ச்சொல். 'கழிச்சல்நோய் இறப்பின் நெடும்போக்கு' இடறாமல் வாசிக்க வருகிறது.

டிரெண்ட் என்பதற்கு ஈழத்து நண்பர் ஒருவர் சொன்ன 'செல்நெறி' அழகான சொல், அங்கே கல்வி எழுத்தில் நன்றாக ஊன்றியும் இருக்கிறது. எனக்குத் தயக்கம் 'நெறி'யில்தான். நெறி என்றால் செல்ல வேண்டிய வழி என்ற வாடை கூடவே வருகிறது. இலக்கியப் போக்குகளுக்குப் பொருந்தும், சாவு எண்ணிக்கை ஏறுவதை நெறி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்து, யாரும் தொடாத ஒன்று. அமெரிக்காவில் 1980-இல் இலட்சத்துக்கு 36 ஆக இருந்த தொற்றுநோய் இறப்பு 1995-இல் 63 ஆனது, பெரும்பகுதி எயிட்ஸால். 25 முதல் 44 வயது வரை உள்ளவர்களின் முதன்மை இறப்புக் காரணமாகவே அது 1990களின் நடுவில் ஆகிவிட்டது, பிறகு கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் சடாரென இறங்கியது. பதினைந்து ஆண்டு ஏற்றத்தைக் கொள்ளைநோய் 'எழுச்சி' என்று ஒதுக்குவதா, நெடும்போக்கே மாறியது என்பதா? ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. திசை மாறும் அந்தப் புள்ளிக்குப் 'போக்குத் திருப்பம்' என்று தனிச்சொல் வைக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் வரையறைக்குள் வர வேண்டும். 1900-இல் அமெரிக்காவின் இறப்புப் பதிவுப் பரப்பில் இருந்தவை 10 மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் பிற மாநிலங்களின் சில நகரங்களும் மட்டுமே, எல்லா மாநிலங்களும் சேர்ந்தது 1933-இல். அதாவது கோட்டின் இரண்டு முனையிலும் இருப்பது ஒரே 'நாடு' இல்லை. மக்கள்தொகை முதுமையடைந்துகொண்டே போவதால் வயதுக்கேற்பத் திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு:

நெடும்போக்கு: பருவ மாற்றம், அலை, கொள்ளைநோய் எழுச்சி ஆகியவற்றை விலக்கியபின், பல பத்தாண்டுத் தரவில் தெரியும் திசை. பதிவுப் பரப்பு, வயதுத் திருத்தம் இரண்டையும் குறிப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

'பல பத்தாண்டு' என்பதற்குக் குறைந்த எல்லை வைக்க வேண்டுமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும், நான் இருபது ஆண்டு என்பேன். அப்புறம், பட்டியலில் 'இறப்பு விகிதம்' என்று இருப்பதை 'இறப்பு வீதம்' என்று திருத்திவிடுங்கள், விகிதத்தை இரண்டு எண்களை ஒப்பிடும் இடத்துக்கு விட்டுவைப்போம்.