விண்வெளிக் கதையில் நாயகன் சாகிறான், படிக்கிறவங்க ‘அடுத்த புத்தகத்துல வந்துடுவான்’னு சிரிக்கிறாங்க: எங்க தப்பு?

ராயக்கோட்டை ரப்பர் (கேள்வி)

வணக்கம்ங்க. தமிழ்ல ஒரு விண்வெளி சூப்பர்ஹீரோ காமிக்ஸ். உள்பக்கம் 24, அட்டை தனி, வண்ணம், நடுவுல பின் அடிக்கிற மாதிரி. கதை சுருக்கமா: ஒரு விண்கல் குடியேற்றத்தோட மூச்சுக்காற்றுக் கலங்கள் மூணைக் கொள்ளைக்காரங்க ஓட்டிட்டுப் போறாங்க. காவல்காரன் வேடி துரத்திப் போய் மூணையும் மீட்டுத் திருப்பி அனுப்புறான். வழிவாசலை உள்ளிருந்து மூடினாதான் துரத்துறவங்க வர முடியாது. மூடுறான், அங்கயே சாகிறான். சாவு 23ஆம் பக்கம். 24ல ஊர்ல ஒரு நடுகல் நிக்குது, முடிஞ்சது.

மாதிரிப் பிரதி படிச்சவங்க யாரும் அசையல. "சரி, எப்ப உயிரோட வர்றான்?"னு கேக்குறாங்க. அமெரிக்க காமிக்ஸ் கம்பெனிகளான மார்வெல், டிசி விண்வெளிக் கதைகள்ல வாசகர் உண்மையிலேயே ஏத்துக்கிட்ட சாவு எது, ஏத்துக்காதது எது, ஏன்? நடுகல்லும் ஒட்ட வெச்ச மாதிரி இருக்குங்கறாங்க. எடுத்துடலாமா?

ஓசூர் பழைய பெட்டி

சண்டை சின்னதா பெருசாங்கறது விஷயமே இல்லைங்க. கதவு சாத்தியிருக்கா, திறந்திருக்கா, அதைத்தான் வாசகன் பாக்குறான்.

ஒரே ஆள் எழுதின ரெண்டு கதையை எடுத்துக்கோங்க. ஜிம் ஸ்டார்லின். 1991ல வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’, ஆறு இதழ். முதல் இதழ்லயே வில்லன் தானோஸ் கையால பிரபஞ்சத்துல பாதி உயிர் காலி. நாலாவது இதழ்ல ஹீரோக்கள் வரிசையா விழுறாங்க: தோர் கண்ணாடியாகி நொறுங்குறான், அயன்மேன் தலை போகுது, கடைசியில கேப்டன் அமெரிக்கா மட்டும் தானோஸ் முன்னால தனியா நிக்கிறான். அந்த இதழைப் பத்திப் பேசறவங்களைக் கவனிங்க, யார் எப்படிச் செத்தாங்கன்னு ரசிச்சு எண்ணுவாங்க, ஒருத்தரும் அழுததாச் சொல்ல மாட்டாங்க. எதை வேணா மாத்தக்கூடிய கையுறை கதையோட நடுவுலயே இருக்குது. அதைப் போட்டவன் அழிச்சா, அடுத்துப் போடுறவன் திருப்பிடுவான். திருப்பவும் செய்றாங்க, நெபுலாங்கற இன்னொருத்தி கைக்குக் கையுறை போனதும் எல்லாம் ஒரு நாள் பின்னால போயிடுது. இது திருவிழா வாணவேடிக்கை. குறை சொல்லல, நல்ல வாணவேடிக்கை. ஆனா மனசுல நிக்கிறது ஒரே ஒரு சித்திரம்: தோக்கப்போறோம்னு தெரிஞ்சே எதிர்ல நிக்கிற கேப்டன். அது சாவு இல்ல, நிக்கிற நிலை.

இப்ப 1982. மார்வெலோட முதல் கிராஃபிக் நாவல், கேப்டன் மார்வெல்ங்கற ஹீரோ மார்-வெல்லோட மரணம். தலைப்பிலேயே சொல்லிட்டார். சாவானா மாட்டானாங்கற கேள்வி போச்சு, எப்படிச் சாகிறான்ங்கறது மட்டும் மிச்சம். காரணம் என்ன? எட்டு வருஷம் முன்னால, 1974 கதையில, வில்லன் நைட்ரோவோட சண்டை போட்டப்போ சுவாசிச்ச நச்சுவாயு. அதுல வந்த புற்றுநோய். கையில போட்டிருக்கிற, சக்தி தர்ற நெகா பட்டைகள் நோயை இத்தனை நாள் அடக்கி வெச்சுது, அதே பட்டைகள்தான் இப்ப மருந்தையும் உள்ள விட மாட்டேங்குது. அவனோட சக்தியே அவன் கதவைச் சாத்துது. பூமியில இருக்கிற அறிவாளி ஹீரோக்கள் எல்லாம் உக்காந்து பாத்தும் முடியல. குத்தறதுக்கு எதிரி கிடையாது. சண்டை வேணும்ங்கற வாசகனுக்குக் கடைசியில மயக்கத்துல தானோஸோட ஒரு மோதல் வெச்சிருக்கார், ஆனா அந்த மோதலும் அவனைச் சாவை ஏத்துக்க வைக்கத்தான்.

அதுல ஒரு பக்கம் இருக்கு, அதை மட்டும் பத்து தடவை பாருங்க. அவனோட ஜென்ம விரோதி, உருவம் மாத்திக்கத் தெரிஞ்ச ஸ்க்ரல் இனம். அவங்க தளபதி ஒருத்தன் வந்து படுக்கையில கிடக்கிறவனுக்கு வீரப்பதக்கம் கொடுக்கிறான். நண்பன் பத்து பேர் அழுதாலும் வராத கனம் எதிரி ஒருத்தன் தலை குனிஞ்சா வரும். இதனாலதான் 2007ல மார்-வெல் திரும்பி வந்ததாக் காட்டினப்போ வாசகர் முகம் சுளிச்சாங்க. அது உருமாறின ஸ்க்ரல்னு முடிச்சப்புறம்தான் ஆறினாங்க.

உங்க கதையில வேடி உள்ள பூட்டிக்கிட்டான், சரி. அந்த வாசலை வெளியிலிருந்து ஏன் திறக்க முடியாது? 5ஆம் பக்கத்துக்குள்ள ஒரு சாதாரண வேலையா அதைக் காட்டிடுங்க. 23ஆம் பக்கத்துல வசனமாச் சொன்னா அது சாக்கு.

பாலக்கோடு தக்காளி

பெட்டி அண்ணா சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். திரும்பி வந்தா சாவு வீண்னு சொல்லிட முடியாது. டிசியோட ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’, 1985. ஏழாவது இதழ்ல சூப்பர்கேர்ள் சாகிறா, எட்டாவதுல ஃப்ளாஷா இருந்த பாரி ஆலன். பாரி 2008லதான் திரும்புறான். 23 வருஷம். அந்த 23 வருஷமும் அவனோட உதவியாளா இருந்த வாலி வெஸ்ட் அந்தச் சிவப்பு உடையைப் போட்டு அலைஞ்சான், ஒவ்வொரு கதையிலயும் செத்தவனோட அளவு இவன் மேல தொங்குச்சு. இடைவெளியை யாரோ நிரப்பினாங்க, அதுக்கு விலை கொடுத்தாங்க. அதான் அந்தச் சாவு தாங்குச்சு.

மறுபக்கம் பாருங்க. மார்வெலோட 2010 ‘தானோஸ் இம்பரேடிவ்’. சாவே செத்துப்போன ஒரு பிரபஞ்சம், அதுல தானோஸைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு நோவா, ஸ்டார்-லார்ட்னு ரெண்டு ஹீரோவும் அங்கயே நின்னுடறாங்க. அருமையான முடிவு. 2013ல புதுத் தொடர் ஆரம்பிக்குது, ஸ்டார்-லார்ட் ஒண்ணுமே நடக்காத மாதிரி நடந்து வர்றான்! எப்படி வந்தான்ங்கற விளக்கம் 2014லதான் வந்துது. வாசகர் கோவம் அவன் உயிரோட இருக்கானேன்னு இல்லை. கணக்கு காட்டாம வந்துட்டானேன்னு.

இன்னொண்ணு, கோவம் எல்லாம் சாவு மேலதான்னு நினைக்காதீங்க. கிரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டனை 1994ல வில்லனாக்கி, கூட வேலை பாத்த கிலோவாக்கைக் கொல்ல வெச்சாங்க. ரசிகருங்க சங்கமே ஆரம்பிச்சுப் போராடினாங்க. 1996ல அதே ஹால் அணையப்போற சூரியனைத் திரும்ப ஏத்திட்டுச் சாகிறான், அது வீரமரணம்தான். ஆனாலும் சங்கம் அடங்கல. ஆளைக் கெடுத்துட்டு அப்புறம் சாவால கழுவ முடியாது.

ரப்பர் தம்பி, வேடி கொள்ளைக்காரங்கள்ல எத்தனை பேரைக் கொல்றான், யாரை? எக்ஸ்-மென் ஜீன் கிரே கதை ஞாபகம் இருக்கட்டும். டார்க் ஃபீனிக்ஸா இருக்கறப்போ ஒரு சூரியனை விழுங்கி 500 கோடி பேரைக் கொன்னா. முதல்ல அவ சக்தியை மட்டும் பிடுங்கிட்டு உயிரோட விடறதாத்தான் திட்டம். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், இவ்வளவு கொலைக்கு இது தண்டனையே இல்லைன்னார். அதுக்கப்புறம்தான் 1980ல வந்த 137ஆவது இதழ்ல நிலாவுல அவ தானே உயிரை விடற முடிவு வந்துது. கடன் இருந்தா சாவு அதை அடைக்குற மாதிரி இருக்கணும், கடன் இல்லேன்னா எதையாவது வாங்கித் தரணும். உங்க வேடி வாங்கித் தர்றது மூணு கலம். அதுல மூச்சு விடற ஒரு முகமாவது நமக்குத் தெரியுமா?

தகடூர்க் கல்

நடுகல்லை எடுக்காதீர்கள். ஒட்டவைத்ததுபோல் இருப்பதற்குக் காரணம், அது கதைக்கு வெளியே இருப்பதாக நீங்கள் நினைப்பதுதான். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே புறத்திணையின் வெட்சி (மாடு கவர்தல்), கரந்தை (மாடு மீட்டல்). மாட்டுக்குப் பதில் கலம், அவ்வளவே. மாட்டு மந்தைக்குப் பழைய பெயர் தொறு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டக் கற்களிலும் திரும்பத் திரும்ப வருவது தொறுப்பூசல், அதாவது மாட்டு மந்தைக்கான சண்டைதான்: தொறு மீட்டுப் பட்டான் (இறந்தான்).

வாசகம் எப்படி அமையும் என்றால், முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், பிறகு எந்தத் தலைவனின் ஆள், எந்த ஊர்த் தொறு, யார் கொண்டது, யார் மீட்டுப் பட்டது, கடைசியில் ‘கல்’. புகழுரை கிடையாது. ‘மாவீரன்’, ‘வீரவணக்கம்’, ‘நம் நெஞ்சில் வாழ்கிறார்’ எல்லாம் ஃபிளெக்ஸ் பேனர் மொழி. அது வந்த நிமிடமே உங்கள் கல் சுவரொட்டி ஆகிவிடும். செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், வீரனோடு கோவிவன் என்ற அவனது நாயும் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்தது என்று அதன் செயலும் பொறித்திருக்கிறது. நாய் எவ்வளவு நல்ல நாய் என்று ஒரு சொல் இல்லை. செயலை மட்டும் சொன்னார்கள், இன்றைக்கும் படிப்பவன் நின்றுவிடுகிறான்.

உருவத்தைப் பற்றி. பிணமாகப் படுக்க வைக்காதீர்கள். வீரன் பெரும்பாலும் வில்லோ வாளோ ஏந்திப் பாய்கிற நிலையில் இருப்பான், உடம்பில் அம்பு தைத்திருக்கும், ஆனாலும் கால் முன்னே போகும். பழைய பெட்டி சொன்ன ‘நிக்கிற நிலை’ இதுதான். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் போய்ப் பத்துக் கற்களைப் பென்சிலில் வரைந்து வாருங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் புடைப்பின் ஆழம் பிடிபடாது, காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலவே வரும்.

முக்கியமான குறை இன்னொன்று. கல் ஒரே பக்கத்தில் முளைத்துவிடுகிறது. தொல்காப்பியம் இதை ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்துக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து. துக்கம் என்பது அங்கே வேலை. குடியேற்றத்தில் தண்ணீர் அளந்து கொடுக்கும் பொருளாக இருக்குமே? கல்லை நீராட்ட ஒவ்வொரு வீடும் தன் பங்கிலிருந்து ஒரு குவளை தரட்டும். தக்காளி அம்மா கேட்ட முகங்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

அதியமான் இறந்த பிறகு அவ்வையார் பாடியது புறநானூற்றில் 232. நடுகல்லுக்குப் பீலி (மயில்தோகை) சூட்டி, சிறு கலத்தில் கள் உகுக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இதையா கொள்வான் என்கிறார். கோபமும் அழுகையும் கேலியும் கலந்த அந்தக் கேள்வியை விட நல்ல ரசிகர் எதிர்வினை நானறிய இல்லை. உங்கள் கதையிலும் யாராவது ஒருவர் சடங்கோடு சண்டை போடட்டும்.

ராயக்கோட்டை ரப்பர்

ஐயா, வேடின்னு பேர் வெச்சதே வேடியப்பன் கோயில் கல்லை நினைச்சுதான், ஆனா தொறு விஷயம் மண்டையில ஏறவே இல்லை. நன்றிங்க. ஆனா ஆறு படிக்குப் பக்கம் எங்க போறது? எனக்கு 24ஐத் தாண்ட முடியாது.

அச்சுமை

பக்கம் இருக்குது, நீங்க தப்பான இடத்துல செலவு பண்றீங்க. 23ஆம் பக்கம் வலது பக்கம். வாசகன் 22ஐப் படிக்கறப்பவே கண்ணு ஓரத்துல சாவைப் பாத்துடறான். அதிர்ச்சி எப்பவும் இடது பக்கம், அதாவது இரட்டைப்படை எண், தாளைத் திருப்பினாத்தான் தெரியணும். 18க்குக் கொண்டு போங்க. சாவுக்கப்புறம் ஆறு பக்கம் கிடைக்கும். இப்ப ஒண்ணுதான் இருக்கு, அதுலதான் அவங்க சிரிக்கிறாங்க.

18க்கு முன்னால கட்டத்தைக் குறைச்சுட்டே வாங்க. 1992 சூப்பர்மேன் மரணத்துல இந்த வித்தை பண்ணாங்க: ஒரு இதழ் பூரா பக்கத்துக்கு நாலு கட்டம், அடுத்ததுல மூணு, அடுத்ததுல ரெண்டு, கடைசி 75ஆவது இதழ் முழுக்க ஒரே கட்டம். உங்களுக்கு 15ல நாலு, 16ல மூணு, 17ல ரெண்டு, திருப்பினா 18 முழுப்பக்கம். எதிர்ல இருக்கிற 19ல வசனம் வைக்காதீங்க, கண்ணு முதல்ல எழுத்துக்குத்தான் ஓடும். கலம் மூணும் ஊருக்கு வந்து சேர்றதை அங்க பேச்சில்லாம வரைங்க. 20லருந்து 23 வரைக்கும் கல் வேலை, 24 கல். பெரிய விரிப்பு ஓவியம் வேணும்னா 12-13 மட்டும்தான், பின் அடிக்கிற நடுத்தாள் அதான். மத்த இடத்துல ரெண்டு பக்கமும் வேற வேற தாள்ல அச்சாகும், மடிப்புல கோடு ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு விலகும்.

விண்வெளிக் கதைக்குக் கறுப்புதான் வில்லன். வெறும் கறுப்பு மை மட்டும் போட்டா சாம்பலா வெளுத்துத் தெரியும். பின்னணிக்கு சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போதும். நாலையும் 100 வெச்சா மை காயாம எதிர்ப்பக்கத்துல ஒட்டும். ஆனா அந்த நாலு மைக் கறுப்புக்கு மேல வெள்ளை எழுத்து போடாதீங்க. தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சுழி எல்லாம் அடைஞ்சு ‘ணி’ எது ‘ளி’ எதுன்னு தெரியாது. பலூன் வெள்ளையா இருக்கட்டும், எழுத்து வெறும் கறுப்புல.

தமிழ் வசனம் ஆங்கிலத்தை விட அகலம் கேக்கும். ஒரு பலூனுக்கு 15 சொல் தாண்டினா வெட்டுங்க. யூனிகோட்ல அடிச்சுட்டுக் கடையில போய்ப் பழைய பேஜ்மேக்கர்ல ஒட்டச் சொன்னா எழுத்து எல்லாம் சிதைஞ்சு போகும். எழுத்தை வடிவக்கோடா (அவுட்லைன்) மாத்தி பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்க. மாத்தறதுக்கு முன்னால ஒரு பிரதி தனியா சேமிங்க, மாத்தினப்புறம் பிழை திருத்த முடியாது. வெட்டு ஓரத்துக்கு வெளியில சுத்தி 3 மி.மீ. ஓவியத்தை நீட்டி விடுங்க.

ராயக்கோட்டை ரப்பர்

18க்கு மாத்திட்டேன். தண்ணிக் குவளை 21, 22ல. கொள்ளைக்காரக் கூட்டத்துல ஒருத்தன் 23ல தன் மூச்சுக் குப்பியைக் கழட்டி வெச்சுட்டுப் போறான். வேடியோட அம்மா குவளை தர மாட்டேங்குறா. கல்வாசகம்: ‘காற்றுக்கலம் மூன்று மீட்டுப் பட்டான் வேடி கல்’. பழைய முறையில புள்ளி இல்லாம வெட்டலாமாங்க?

தகடூர்க் கல்

வாசகம் சரி. அம்மா தராதது மிகச் சரி. புள்ளி இல்லாமல் வெட்டலாம், பழங்கற்களில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதே முறைப்படி போனால் இரட்டைக் கொம்பும் கிடையாது, அது பிற்காலத்தது. ‘வேடி’ என்பது ‘வெடி’ என்றுதான் கல்லில் நிற்கும்.

பாலக்கோடு தக்காளி

பட்டாசுக் கடைப் பலகைன்னு நினைச்சுக்குவாங்க தம்பி. பேர்ல மட்டும் இரட்டைக் கொம்பு போட்டுடுங்க, புலவருங்க மன்னிப்பாங்க.