பழைய வாடகை வீட்டுச் சுவரில் திரும்பத் திரும்ப ஓதம்: மறுபடியும் பூசுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் பழைய வாடகை வீட்டில் இப்போது மராமத்து வேலை நடந்துவருகிறது. படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்கிறது. முன்பும் வீட்டு உரிமையாளர் ஆளனுப்பிச் சுரண்டி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்திற்குள் அந்த இடம் பழையபடி ஆகிவிட்டது. சுவருக்கு மறுபுறம் உள்ள குளியலறையின் டைல்ஸையும் இந்த முறை மாற்றப்போகிறார்கள். இன்னொரு பூச்சு போதும் என்கிறார் கொத்தனார். அதே சுவரிலுள்ள சுவிட்சுப் பெட்டியைத் தொட்டால் சில சமயம் லேசாகச் சுர்ரென்கிறது. வேலை முடிவதற்குள் உரிமையாளரிடம் எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்?

பதில் 1 (மின்பணியாளர்)

நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்தச் சுவிட்சுப் பெட்டிக்கு மின்சாரம் போகும் சுற்றை மெயின் பெட்டியிலேயே அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கும் வரை யாரும் அதைத் தொடாதீர்கள். வயரின் உறை சிதைந்திருக்கலாம், எர்த் இணைப்பு அறுந்திருக்கலாம். இரண்டையும் கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். மின்கசிவு 30 மில்லியாம்பியர் அளவை எட்டினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். ஆனால் அது உயிரைக் காக்கும் கருவியே தவிர, பழுதான வயரை மாற்றாமல் விடுவதற்கான சாக்கு அன்று.

பதில் 2 (கட்டுமானப் பணியில் இருப்பவர்)

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசுவது வீண் செலவு. தரை ஈரம் செங்கல் வழியாக மேலேறினால், கறை சுவர் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். பெரும்பாலும் 1 மீட்டருக்கு மேல் போகாது. குழாய்க் கசிவாக இருந்தால் ஓரிடத்தில் அடர்ந்து, விலக விலக மங்கும். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டருக்குப் பிறகு எங்கோ ஒழுகுகிறது. நகராவிட்டாலும் கழிவுநீர்க் குழாய் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது, ஏனெனில் அந்தத் தண்ணீர் மீட்டரைக் கடந்து வந்துவிட்டது.

பழைய சுவர் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டதா என்றும் பாருங்கள். அத்தகைய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக் காயும் இயல்புடையது. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூசினால், ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சுக்கு மேலே உள்ள பகுதிக்கு ஏறும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அந்தச் சுற்றை அணைத்துவிட்டோம். மின்பணியாளரை அனுப்ப உரிமையாளர் ஒப்புக்கொண்டார். மீட்டர் முள் அசையவில்லை. கறை குளியலறையின் வடிகால் இருக்கும் மூலையில்தான் மிகவும் அடர்ந்திருக்கிறது.

பதில் 2

அப்படியென்றால் வடிகாலையும் குளியலறைத் தரையையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டைல்ஸைப் பெயர்க்கப்போவது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. வடிகால் இணைப்பைத் திறந்து பார்த்துச் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். மட்டம் இறங்காமலும் மறுபுறம் ஈரம் தட்டாமலும் இருந்தால் மட்டுமே டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் கண்டுபிடிக்கும் கசிவுக்கு மீண்டும் உடைக்க எந்த உரிமையாளரும் எளிதில் சம்மதிக்கமாட்டார்.

படுக்கையறைப் பக்கத்தில், உப்பேறிய பூச்சைக் கறையின் மேல்விளிம்பிலிருந்து ஓர் அடி உயரம் வரை கூடுதலாகக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடியும் செங்கலுக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும். நனைந்த சுவர் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஆகவே 9 அங்குலச் சுவரைச் சில வாரங்களில் பூசி முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதுவரை கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். ஒப்புக்கொண்ட வேலைகளின் வரிசையைப் படங்களுடன் உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழிக்க இந்தச் சுவரைக் காரணம் காட்டினால், அது உங்களுக்குச் சான்றாக உதவும்.